நகத்தில் மிச்சமிருந்த மருதாணி

இன்று காலை ஆபீஸ் லிஃப்டில் ஏறிய பெண்ணின் இரண்டு கைகளிலும் மருதாணி. அக்காவுக்குக் கல்யாணம் முடிந்ததாம். யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். சிவப்பு நன்றாகப் பிடிக்க நீலகிரித் தைலம் தடவியிருக்கிறாள் போல. கதவு மூடியதும் அந்த வாசனை லிஃப்ட் முழுக்க நிறைந்துவிட்டது. ஆறாவது மாடிக்குப் போக வேண்டிய நான் இரண்டாவது மாடியிலேயே இறங்கிப் படியேறினேன். மூச்சு வாங்க நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது உன்னைத் திட்ட ஆரம்பித்திருந்தேன். இறந்தவர்களைத் திட்டக்கூடாது என்று உன் அம்மா சொல்வார்கள். உன்னோடு எனக்கு வேறு மாதிரி பேசிப் பழக்கமில்லை.

நான் இப்போது என்ன வேலை பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. நீ போன மறுவருஷமே வார்டை விட்டு வந்துவிட்டேன். யூனிஃபார்மை மறுபடி போட்டுக்கொள்ள முடியவில்லை. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் நர்ஸ் வேலை தெரிந்தவர்கள் வேண்டும் என்றார்கள், வந்து சேர்ந்தேன். பல ஆஸ்பத்திரிகளின் மானிட்டர்களில் ஓடிய கோடுகள் எல்லாம் இங்கே வருகின்றன. நோயாளியின் பெயர் இருக்காது. வயது, என்ன ஆபரேஷன், நாடி, பிரஷர், ஆக்சிஜன், கூடவே நர்ஸ் எழுதிய குறிப்பு, அவ்வளவுதான். இவற்றையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், யாருக்கு இரத்தப்போக்கு வரப்போகிறது, யாருக்கு இரத்தம் உறைந்து கட்டியாகி நுரையீரலில் போய் அடைக்கப்போகிறது என்று அது முன்கூட்டியே எச்சரிக்குமாம். கற்றுக்கொடுக்கும் வேலை எங்களுடையது. கோடு இறங்குகிற இடத்தில் நிறுத்தி, இது உடம்பு காட்டியதா, விரலில் மாட்டிய கிளிப் நழுவியதால் வந்த குப்பையா என்று பார்த்து, ‘உண்மை’ என்றோ ‘செல்லாது’ என்றோ அமுக்க வேண்டும். நாங்கள் செல்லாது என்று தள்ளியதைக் கம்ப்யூட்டர் ஏறெடுத்தும் பார்க்காது.

இந்த வேலைக்கு நீதான் வந்திருக்க வேண்டும். ஐசியுவில் மானிட்டரைப் பார்த்த பார்வையிலேயே எது நிஜம், எது சும்மா கத்துகிறது என்று சொல்லிவிடுவாய். நர்சிங் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். நீ சாந்தோமில் சர்ச்சுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள். பாட்டிக்குப் பாட்டி காலத்திலிருந்து டீச்சரும் நர்சுமாக இருக்கிற வீடு. நான் சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்து ஆள். வீட்டை இடித்து எங்களைப் பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப்போட்டபோது இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். என் தொண்டையைக் கேட்டு நீ வைத்த பெயர் மீன் மார்க்கெட்டு. நான் உனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. எத்தனையோ வருஷம் சண்டை போட்டிருக்கிறோம். மருந்து அளவிலிருந்து பஸ் நம்பர் வரைக்கும், ஒன்றில்கூட நான் ஜெயித்ததில்லை.

மருதாணி விவகாரம் எங்கே ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? பைக்கிலிருந்து விழுந்த ஒரு புதுப்பெண்ணை ஐசியுவுக்குக் கொண்டுவந்தார்கள். விரல் நுனியெல்லாம் மருதாணித் தொப்பி. கிளிப்பை மாட்டியதும் ஆக்சிஜன் எண்பதுகளில் காட்டியது. டியூட்டி டாக்டர் வேர்த்து விறுவிறுத்து மூச்சுக்குத் தொண்டையில் டியூப் போடத் தயாராகிவிட்டார். நீ அலட்டிக்கொள்ளவே இல்லை. விரலிலிருந்த கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காதில் மாட்டுகிற கிளிப்பைக் கொண்டுவந்து போட்டாய். தொண்ணூற்றெட்டு.

“டாக்டர், மருதாணி போட்டிருக்கா. வேற ஒண்ணுமில்ல” என்றாய்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி முழுக்க உன் பேச்சாகிவிட்டது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தாய். மருதாணி போட்ட கையில் ஆக்சிஜன் குறைந்தால் பதறாதே என்பது நம் வார்டில் வேதவாக்கு. குறிப்பில் ஒரே வார்த்தை எழுதுவார்கள், ‘மருதாணி’. படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

அப்புறம் உனக்கே வளைகாப்பு. இருவரும் பாண்டி பஜார் போய் வளையலும் மருதாணிக் கோனும் வாங்கி வந்தோம். ஃபாதர் வந்து வளையல்களை மந்திரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் நீ பத்து விரலிலும் தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். கையை அசைக்க முடியாது என்று சாக்குச் சொல்லி, எலுமிச்சம்பழச் சாதத்தை என்னை ஊட்டிவிடச் சொன்னாய். உன் வீடு முழுக்க நீலகிரித் தைல வாசனை. பிரசவத்துக்கு நம் ஆஸ்பத்திரியிலேயே நீ வந்து படுத்தபோது தோலில் சிவப்பு போய்விட்டது. நகத்தில் மட்டும் போகவில்லை. அடிப்பாதி வெள்ளையாக வளர்ந்து, நுனிப்பாதியில் மிச்சம் நின்றது.

சிசேரியனில் உனக்கு வழக்கத்தைவிட அதிகமாக இரத்தம் போயிற்று. அதனால் இரத்தம் உறையாமலிருக்கப் போடுகிற ஊசியை அன்றைக்குப் போடவேண்டாம், இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டால் ஒழுகலாம், போடாவிட்டால் கட்டலாம், அவர் இடத்தில் யாராக இருந்தாலும் திணறித்தான் போவார்கள். ஆனால் அதற்குப் பிறகு எல்லோருடைய கண்ணும் இரத்தப்போக்கிலேயே நின்றுவிட்டது. இரண்டாம் நாள் உன் நாடி வேகமாக ஓடியது. ஓடிவந்து துணியை விலக்கிப் பார்த்தார்கள், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். இரத்தம் போகவில்லை. அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டோம். உன் அம்மா சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். பச்சை உடம்பு, வயிறு போட்டுவிடும் என்று சொல்லித் தண்ணீரைக்கூட மூடியில் அளந்துதான் உனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலைவிட்டு இறங்கவும் விடவில்லை. ஊருக்கெல்லாம் ‘எழுந்து நடங்க’ என்று சொல்கிற நீ, அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மதியம் எனக்கு டியூட்டி இல்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் மானிட்டரில் அந்த எண்.

“இன்னாடி இது, தொண்ணூத்தியொண்ணு காட்டிக்கினு கீது?”

நீ கையை என் மூக்குக்கு நேரே ஆட்டினாய். “மருதாணிடீ. இத உனக்கு நான் சொல்லித் தரணுமா?”

“பாதி நகம் வளந்து பூட்ச்சி. முனையிலதான் கொஞ்சம் கீது.”

“அது போதாதா? சும்மா கத்தி அம்மாவ பயமுறுத்தாத.”

“நாடி இன்னாத்துக்கு இப்டி ஓடுது? அதுவும் மருதாணியா?”

“வயித்தக் கிழிச்சுத் தெச்சிருக்காங்கடி. வலிக்காதா?”

பேசி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு இழுத்தாய். கால் விரலில் மாட்டிப் பார்க்கலாம் என்றால் அங்கேயும் சிவப்பு. நான் எழுந்துவிட்டேன்.

“ஐசியுல போயி காது கிளிப்ப எடுத்துனு வரேன். அப்பால பேசு நீ.”

“போ போ. எடுத்துட்டு வந்து தோத்துப் போ. அப்படியே கேன்டீன்ல எனக்கு ஒரு டீ சொல்லிடு. அம்மாவுக்குத் தெரிய வேணாம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அதுதான் நீ கடைசியாகப் பேசியது.

நான் திரும்பி வந்தபோது உன் கட்டிலைச் சுற்றி வெள்ளை யூனிஃபார்ம்கள். இன்சார்ஜ் சிஸ்டர் கட்டில்மேல் ஏறி உன் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார். உன் அம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்கள். நானும் என் பங்குக்கு அமுக்கினேன். என் கைக்குக் கீழே உன் விலா எலும்பு நொறுங்கியதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எல்லாம் முடிந்து மானிட்டரை நிறுத்தியபிறகு, கேன்டீன்காரர் கதவருகே தம்ளரோடு வந்து நின்றார். “இந்த ரூமுக்கு டீ சொன்னாங்களே, யாருக்கு சிஸ்டர்?” என்று கேட்டார். காது கிளிப் என் பையிலேயே கிடந்தது.

காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். காலையிலிருந்தே சிறிது சிறிதாகப் போயிருக்கும் என்றார்கள். அப்படியானால் அந்தத் தொண்ணூற்றொன்று?

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கோன் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். வலது கை விரல்களில் தொப்பி வைத்துக்கொண்டேன். காய்ந்து கழுவி நகம் செக்கச்செவேலென்று ஆனபிறகு, கொரோனாவில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த அந்தச் சின்னக் கிளிப்பை எடுத்து மாட்டினேன். வலது கையில் தொண்ணூற்றெட்டு, இடது கையில் தொண்ணூற்றெட்டு. இன்னும் அடர்த்தியாக இரண்டாம் முறை வைத்துப் பார்த்தேன். ஓர் எண்கூட இறங்கவில்லை. கறுப்புச் சாயம் கலந்த கோன் என்றால் கிளிப்பை ஏமாற்றுமோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. உன் நகத்தில் இருந்தது சிவப்பு. அதுவும் பாதி நகம்தான். வாய்விட்டு அழுதேன். “இன்னாத்துக்குடி அயுவுற?” என்று என் அம்மா ஓடிவந்தது. என்னவென்று சொல்வேன்?

அப்போதுதான் அந்தப் புதுப்பெண்ணின் கை நினைவுக்கு வந்தது. ஐசியு ஏசியில், இரத்தம் போன உடம்பில், அது ஐஸ் மாதிரி இருந்தது. கை குளிர்ந்தால் கிளிப் உளறும், இது முதல் வருஷப் பாடம். காதுக்கு மாற்றியதும் சரியாகக் காட்டியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். நீ செய்தது சரி, சொன்ன காரணம்தான் தப்பு. அந்த ஒரு சில்லிட்ட கையை வைத்து நீ ஒரு ஆஸ்பத்திரிக்கே பாடம் எடுத்தாய். அந்தப் பாடத்தை நீதான் எல்லோரையும்விட உறுதியாக நம்பினாய்.

இன்று மதியம் இங்கே ஒரு மீட்டிங். எங்கள் டீம் லீடர் கார்த்திக் நல்ல பையன், அக்கா அக்கா என்றுதான் பேசுவான். அவன் எழுந்து, “நர்ஸ் நோட்ஸ்ல மருதாணின்னு இருந்தா அந்த ரெக்கார்டையே மொத்தமா டிராப் பண்ணிடலாம்னு ரூல் வைக்கிறோம். நிறைய இடத்துல அப்படித்தான் எழுதியிருக்காங்க” என்றான்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. “மருதாணி வச்சிக்கினு ஆஸ்பத்திரிக்கு யாருப்பா வராங்க? நீயா?” என்று கேட்டேன்.

“அக்கா, அது நாய்ஸ்க்கா, வெறும் குப்பை டேட்டா...”

“வளகாப்பு முட்ச்ச பொண்ணுங்கப்பா. புள்ள பெத்தவளுங்க. ரத்தம் ஊத்துறதும் அவளுக்குத்தான், கட்டிக்கிறதும் அவளுக்குத்தான். அவளையே தூக்கிக் கடாசிட்டு நீ யாருக்கு முன்கூட்டியே சொல்லப் போற?”

என் தொண்டை தெரிந்ததுதானே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கார்த்திக் ஆதாரம் வேண்டும் என்றான். கேட்டது நியாயம்தான். வெளியே போய், காலையில் லிஃப்டில் பார்த்த பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அக்கௌன்ட்ஸில் புதிதாகச் சேர்ந்தவளாம், பயந்துபோய் வந்தாள். என் கைப்பையில் அந்தச் சின்னக் கிளிப் எப்போதும் இருக்கும். சிவந்த விரல் ஒவ்வொன்றிலும் மாட்டினேன். தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு, மறுபடி தொண்ணூற்றொன்பது. அந்த வாசனை மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது, நான் நகரவில்லை. “எனக்கு ஏதாச்சும் பிரச்சனையாக்கா?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்லமா, நல்லாகீற” என்றேன்.

“ஒருத்தர வெச்சு முடிவு பண்ண முடியாதுக்கா. நிறைய பேர்கிட்ட பாக்கணும்” என்றான் கார்த்திக். உன்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவனே, “அதுவரைக்கும் எதையும் டிராப் பண்ணல. மருதாணின்னு தள்ளி வெச்சதெல்லாம் திரும்ப எடுத்துப் பாருங்க” என்றான்.

சாயங்காலம் வரை அவற்றைத்தான் பார்த்தேன். முதலில் வந்ததே ஒரு பெண், சிசேரியன் முடிந்த மறுநாள். குறிப்பில் அதே ஒற்றை வார்த்தை. ஆக்சிஜன் கோடு மெல்ல மெல்ல இறங்குகிறது, நாடிக் கோடு ஏறுகிறது, பிறகு இரண்டும் நின்றுவிடுகின்றன. அது நீ இல்லை, வயது வேறு. உன்னை அறியாத யாரோ ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறாள், நீ சொன்னது அவள் வரைக்கும் எப்படிப் போனதோ, அல்லது அவளுக்கும் ஒரு குளிர்ந்த கை கிடைத்ததோ. ‘உண்மை’ என்று அமுக்கினேன். அந்தப் பெண்ணுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

உன் வீட்டுக்காரர் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டார். நல்ல பெண், பாப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். பாப்பாவுக்கும் உன்னைப் போலவே எதிலும் தோற்க மனசு வராது. அவளிடம் எல்லாவற்றிலும் நான் விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.

உன்னோடு போட்ட சண்டைகளில் கடைசியில் ஒன்றில் ஜெயித்துவிட்டேன்டீ. ஒரு ரூம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு ஜெயித்தேன். முடிந்ததும் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த ஜெயம் எனக்கு வேண்டாம். நீ சரியாகவும் நான் தப்பாகவும் இருந்திருந்தால், காது கிளிப்பைப் பார்த்துவிட்டு என்னை எத்தனை வருஷம் கிண்டல் செய்திருப்பாய்.

யார் விரலில் கிளிப் மாட்டினாலும் முதலில் உன் குரல்தான் வருகிறது. “மருதாணிடீ” என்கிறாய், சிரித்துக்கொண்டே. உன் குரலில் எனக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான், அதனால் முழுவதும் கேட்கிறேன். கேட்டுவிட்டு, அதை நம்பாமல், எண்ணைப் பார்க்கிறேன்.