பாதி தெரிந்த சாலை

ஜூன் 12, வியாழன்

இன்றும் வந்துவிட்டது. அதே இடது பக்கம். புருவத்துக்கு மேலே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. பள்ளிப் பிள்ளைகளை அவரவர் குவார்ட்டர்ஸில் இறக்கிவிட்டு வேனோடு வடக்குத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வாந்தி. கதவைச் சாத்திப் படுத்தேன். மைன்ஸில், சுரங்க வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் தங்கராசு லைட்டைப் போட்டார். கத்திவிட்டேன்.

"கண்ணாடி போட்டா சரியாயிடும் சந்திரகலா" என்கிறார். போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்?

ஜூன் 13

காலையில் ஒரு வலி மாத்திரை. மத்தியானம் ஒன்று. மருந்துக் கடைக்காரர் இப்போதெல்லாம் கேட்காமலே எடுத்து வைக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்



காலையில் வேன் நிறையப் பிள்ளைகள். டவுன்ஷிப் வாசல் ஆர்ச் கேட் தாண்டியதும் கண்ணோரம் ஒரு பளபளப்பு. வெயில் என்று நினைத்தேன். அது ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து பெரிதாகி — சாலையில் பாதியைக் காணோம். எதிரே சைக்கிளில் வந்தவர் பாதி ஆளாகத் தெரிந்தார். எப்படி ஓரங்கட்டினேனோ! ஆட்டோ ஓட்டும் கருணாகரனுக்கு போன் போட்டேன். அவர் வந்து வேனை ஓட்டித்தான் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார். மணி அடித்து முடிந்திருந்தது.

சாயங்காலமும் அவர்தான் ஓட்டினார். பதினாறாம் பிளாக்கில் அகிலா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஏன் லேட்டு? எம்பொண்ண வெளியே நிக்க வச்சுட்டாங்க."

"தலைவலிங்க."

"தலைவலிக்கெல்லாம் யாராவது வண்டிய நிறுத்துவாங்களா?"

நிறுத்தாமல் போயிருந்தால்?

ஜூன் 18

கருணாகரனையே ஓட்டச் சொல்லிவிட்டேன். மூளையில் கட்டியோ? யார்கிட்ட சொல்றது? சொன்னா எவ பிள்ளைய அனுப்புவா? வேன் போச்சுன்னா வூட்ல குந்திக்கினு நான் என்ன பண்றது?

ஜூன் 21, சனி

நானும் தங்கராசுவும் கடலூரில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். சண்முகப்பிரியா, சின்ன வயசு. அந்தப் பளபளப்பைப் படமாக வரையச் சொன்னார். கண்ணுக்குள் விளக்கடித்து, கைகாலைத் தட்டி, நடக்கவிட்டுப் பார்த்தார். கட்டிக்கான அறிகுறி எதுவும் இல்லையாம். ஒற்றைத் தலைவலி. சிலருக்கு வெளிச்சம் முன்னால் வந்து, வலி பின்னால் வருமாம்.

"தினமும் மாத்திரை போடறீங்களா?"

"ஆமாங்க."

"இப்ப அந்த மாத்திரையே வலியக் கூட்டுது. நிறுத்தணும். கொஞ்ச நாள் ரொம்பக் கஷ்டமா இருக்கும். வராம தடுக்க வேற மருந்து தர்றேன். நேரத்துக்குத் தூங்கணும், காலைல பட்டினியாக் கிளம்பக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க." அப்புறம், "அன்னைக்கு நிறுத்தினீங்க பாருங்க, அதுதான் சரி" என்றார்.

அதற்கு ஏன் அழுதேன்?

ஜூன் 27

தலைக்குள் உலக்கை. மிச்ச மாத்திரைகளை ஒளித்துவைத்துவிட்டார் தங்கராசு. காலில் விழாத குறையாகக் கேட்டேன். தரவில்லை. ஈரத்துணியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 2

வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெளிச்சம், பாதி சாலை, எல்லாம். இரண்டு வீட்டில் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அகிலா கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 19

வலி லேசாக வந்தது, போனது. வேனின் பின் சீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து போகிறேன். அகிலா பெண்ணை அனுப்புவதை நிறுத்தவில்லை. கருணாகரன் பிரேக் போடும்போதெல்லாம் என் காலும் அழுத்துகிறது. இருப்புக் கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

டாக்டர் சம்மதித்துவிட்டார் — கண்ணில் துளி பளபளப்பு என்றாலும் சாவி கருணாகரனிடம் போய்விட வேண்டும். இன்று நானே ஓட்டினேன். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

பெண்ணை ஏற்றிவிட்ட அகிலா கதவை விடவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அந்த வெளிச்சம் எனக்கும் வருது. பத்தாவது படிக்கும்போதிருந்தே. அவர்கிட்டகூட சொன்னதில்ல. பைத்தியம்னுடுவாரோன்னு பயம்."

"சனிக்கிழமை கெளம்பி இருங்க, நான் கூட்டிக்கினு போறேன்" என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அகிலா உள்ளே. தனியாகத்தான் வருவாள் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் சுபாஷையும் அழைத்து வந்திருக்கிறாள். நேற்றுதான் சொன்னாளாம். மனுஷர் ராத்திரி ஷிப்ட் முடித்த கண்ணோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

"அக்கா, அவளுக்கு வலி வரும்போது நான் என்ன செய்யணும்?"

"ரூமை இருட்டாக்கிடுங்க. பாப்பாவ வெளிய கூட்டிக்கினு போயிடுங்க. எப்போ சரியாவும்னு மட்டும் கேக்காதீங்க."

சரி என்று தலையாட்டினார். உட்கார முடியாமல் எழுந்துபோய், சாத்தியிருந்த கதவருகே நின்றுகொண்டார்.