கல்யாணப் பாட்டுக்குள் சேகண்டி

வைகாசி, வியாழக்கிழமை. படுத்தும் தூக்கம் வரவில்லை.

பக்கத்து வீட்டுக் கல்யாண வீடியோவுக்குப் பேத்தி ரம்யா கம்ப்யூட்டரிலேயே பாட்டுக் கட்டுகிறாள். அவளுக்கு வந்த முதல் வேலை. வாத்தியச் சத்தம் தரும் சாப்ட்வேர் இரண்டில் எதை எடுப்பது என்று ஒரு வாரமாகக் குழம்பினாள். இன்று சாயங்காலம் என் காதில் ஹெட்போனை மாட்டினாள்.

"எது நல்லாருக்குதுங்க அம்மாயி?"

முதலாவது நாதஸ்வரம் மாதிரி இருந்தது. இரண்டாவதில் ஒரு மணி ஒலித்து, பின்னால் நீளமாக ஏதோ ஊதியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"இதேதான் சாமி," என்றேன்.

"எனக்கும் இதுதானுங்க புடிச்சுது." மற்றதை உடனே அழித்துவிட்டாள். ஐந்தாவது மட்டுமே படித்த என்னைக் கேட்டு முடிவெடுத்தாளே என்று எனக்குப் பெருமை.

விளக்கை அணைத்த பிறகுதான் சிலிர்த்தது ஏன் என்று புரிந்தது. அது சேகண்டியும் சங்கும். என் வீட்டுக்காரர் இறந்த அன்று வாசலில் கேட்ட சாவுச் சத்தம். பெண் கழுத்தில் தாலி ஏறும்போது அதுவா ஒலிப்பது? ரம்யா அதைக் கேட்டதில்லை. நான் கேட்டவள்.

காலையில் பாட்டை அனுப்பிவிடுவாள். சொன்னால் முகம் வாடும். சொல்லாவிட்டால் ஊர் அவளைத்தான் பேசும். அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. கதவிடுக்கில் அதே மணி மெதுவாகக் கேட்கிறது. பேனாவை மூடிவிட்டு, சொல்லிவிட அவள் அறைக்குப் போகிறேன்.