மெஹர் பானுவுக்கு இரண்டு சாட்சி

786
கட்டாங்கா, காங்கோ
20-11-1962

பிரியமுள்ள தம்பி ஆதமுக்கு, அண்ணன் பரீது ஸலாம் சொல்லி எழுதுவது. நான் இங்கே பட்டாளத்துச் சோற்றில் உருண்டு திரண்டு சுகமாக இருக்கிறேன். அங்கே ஐந்தருவிக் கடையில் நீயும் உன் கோபமும் சுகமா?

நான் கப்பல் ஏறியதிலிருந்து நீ ஒரு வரி எழுதவில்லை. அதுவும் நல்லதுதான், உன் கோழிக் கிறுக்கலைப் படிக்கிற பாடு மிச்சம். நான் மூணாம் கிளாஸோடு நின்றவன் என்பதை மறந்துவிடாதே.

இந்த ஊரை நீ பார்க்கணும்லே! மண் செக்கச்செவேல். கறையான் புற்று மாடிவீட்டு உயரம், அதன் தலையில் மரம் வேறு முளைத்து நிற்கிறது. வந்த புதிதில் ஒரு புற்றைக் கோட்டை என்று நினைத்துத் துப்பாக்கியோடு குப்புறப் படுத்துவிட்டேன். ஒரே நாட்டுக்காரர்கள் ரெண்டுபட்டு அடித்துக்கொள்கிறார்கள். செம்புச் சுரங்கம் இருக்கிற இந்தப் பக்கத்தார் தனி நாடு கேட்கிறார்கள். சமாதானம் காக்க நடுவில் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு நாங்கள் நிற்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் மெஹர் பானுவின் நிகாஹை நோன்புக்கு முன்னாலேயே முடிக்கணும் என்று உன் மைனி எழுதியிருக்கிறாள். மாப்பிள்ளை இஸ்மாயில் அதற்குப் பிறகு பினாங்குக் கப்பல் ஏறுகிறானாம். எனக்கு லீவு கிடையாது. எனக்குப் பதிலாக, என் வக்கீலாகச் சபையில் உட்கார்ந்து நீதான் அவளைக் கொடுக்கணும். உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை ஆதம்.

பரீது

தென்காசி
8-12-1962

பரீது அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்களை யாரும் கட்டி இழுத்துப் போகவில்லை. காங்கோவுக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் முதலில் தூக்கிய கை உங்களுடையதாம். அதைப் பெருமையாக மைனிக்கு வேறு எழுதினீர்கள். கல்யாண வயதில் மகளை வைத்துக்கொண்டு, எங்கோ ஒரு அண்ணன் தம்பி சண்டையில் உங்களுக்கு என்ன சோலி?

மைனி கடைக்கே வந்துவிட்டாள். "அவுக மேல கோவம்னா அவுகளோட வச்சிக்கிடும் தம்பி. எம் மவ என்ன செஞ்சா?" என்றாள். மகளைக் கொடுக்க வேண்டியது வாப்பா. வந்து கொடுங்கள்.

பள்ளிவாசல் அசரத்திடம் கேட்டேன். வாப்பா உயிரோடு இருக்கையில் வேறு ஆள் கொடுப்பதென்றால், வாப்பா எழுதித் தரணும், அதில் இஸ்லாமான ஆண்கள் இரண்டு பேர் சாட்சி போடணும் என்றார். அது வராமல் நான் சபையில் உட்கார மாட்டேன். அந்தக் காட்டில் சாட்சிக்கு எங்கே போவீர்கள்?

ஆதம்

786
கட்டாங்கா
8-1-1963

அருமைத் தம்பி ஆதமுக்கு ஸலாம்.

மாட்டேன், மாட்டேன் என்று எழுதுகிறவன் அசரத் வீட்டுக்கு எதற்கடா போனாய்? கள்ளன்!

இங்கே பெரிய சண்டை நடந்துவிட்டது. ஆற்றுப் பாலத்தை அவர்கள் தகர்த்துப் போட்டிருந்தார்கள். விழுந்து கிடந்த இரும்பைப் பிடித்துப் பிடித்து அக்கரை போனோம். என் காலில் ஒரு கீறல். கூடார ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள். மைனியிடம் சொல்லாதே.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் எதிர்ப்படையில் பிடிபட்டவன். அவன் விரலில் தஸ்பீஹ் மணி உருளுவதைப் பார்த்துவிட்டு ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் வந்தது. போன வாரம் எங்களைச் சுட்டவன் வாயிலிருந்து! பெயர் சாலிஹ்.

எங்கள் பட்டாளக் கம்பெனியில் இஸ்லாமானவன் நான் ஒருத்தன்தான். சாலிஹோடு சேர்த்து இன்னொரு சாட்சி வேணுமே? ஆஸ்பத்திரிக்கு விறகு கொண்டுவருகிற யூசுப் கிழவரைப் பிடித்தேன். சாலிஹின் படைக்காரர்கள்தான் அவர் தெருவையே கொளுத்தி, எல்லாரையும் அகதி முகாமுக்கு விரட்டியவர்களாம், ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கும் அவருக்கும் பாஷை கிடையாது. நிகாஹ், மஹர், வக்கீல், சாட்சிக்கு ஷாஹித் என்று சொல்லிப் பார்த்தேன். அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது ஆதம்! கடலுக்கு அப்பால், பேர் தெரியாத மனுஷரிடம் நம் வீட்டுக் கல்யாணப் பேச்சு!

முகம் மலர்ந்து உட்கார்ந்தவர், மற்ற சாட்சி யார் என்று கண்டதும் எழுந்து போய்விட்டார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, சாலிஹைப் பார்க்காமலே, மகள் பேர் என்ன என்று சைகையில் கேட்டார். மாப்பிள்ளை குடிப்பானா என்று அண்ணாந்து காட்டிக் கேட்டார். கடையநல்லூர்ப் பையன், டீக்கு மேல் தெரியாது என்று சத்தியம் செய்தேன். அடிப்பானா? இல்லை. படுத்திருந்த சாலிஹ், தொழுவானா என்று தன் பங்குக்குக் கைகட்டிக் காட்டினான். ரெண்டு பேரும் பெண்ணின் மாமன்மார் போல என்னைக் குடைந்து எடுத்துவிட்டார்கள்.

எழுதத் தெரியாத கிழவர் பெருவிரலை வைத்தார். சாலிஹ் படித்தவன், பேனாவைக் கையில் வைத்திருந்தான். அந்த ரேகையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பேனாவை என்னிடம் தந்துவிட்டு, அவனும் பெருவிரலை மையில் தொட்டு, ஒட்டினாற்போலப் பக்கத்தில் வைத்தான்.

பீரங்கி பார்த்தவன் நான், விமானம் குண்டு போட்டதைப் பார்த்தவன். இதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை. கட்டுப் போட வந்த நம் சுரண்டைக்காரன் சொரிமுத்து, "அண்ணாச்சி, வாய மூடும், ஈ போயிரும்" என்றான்.

காகிதம் இத்துடன். இனி உன் இஷ்டம்.

பரீது

786
தென்காசி
25-1-1963

அன்புள்ள அண்ணனுக்கு, உங்கள் தம்பி ஆதம் ஸலாம் சொல்லி எழுதுவது.

நேற்று நிகாஹ் முடிந்தது. காகிதம் முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. அதுவரை மைனி அடுப்புப் பக்கமே போகவில்லை.

சபையில் அசரத் சாட்சிகள் பேரை வாசித்தார். மாப்பிள்ளையின் பெரிய வாப்பா முகம்மது கனி, "யாருவே இவனுவ, எந்த ஊர்க்காரனுவ?" என்று எழுந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகாதுங்கீரு. இது என்ன சாட்சிவே?"

"ஆகாத ரெண்டு பேரு ஒண்ணைச் சொன்னா அது பொய்யா இருக்குமா அண்ணாச்சி? நம்மள்ல ரெண்டு பேரை அப்படிக் காட்டும் பாப்போம்" என்றேன். எனக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அசரத் அந்த ரேகைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என்னை உட்காரச் சொன்னார்.

மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். "என் அண்ணன் பரீது மகளை" என்று தொடங்கி நின்றுவிட்டேன். அசரத் தண்ணீர் கொடுத்தார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

கீறலுக்கு யாரும் கட்டிலில் போட்டு வைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மைனிக்கும் தெரிந்துவிட்டது, நான் சொல்லவில்லை. கால் எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுதுங்கள்.

யூசுப் தம் தெருவுக்குத் திரும்பிவிட்டாரா? சாலிஹை வீட்டுக்கு அனுப்பினார்களா? மெஹர் பானு ரெண்டு பேருக்கும் ஸலாம் சொன்னாள். அவர்கள் சுகமா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் கேலியெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் தம்பி
ஆதம்