கூழ் வரிசையில் வந்த அம்மன்

அயனம்பாக்கம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சான் எத்திராஜுக்கு,

மாமா வேம்புலி எழுதுவது. நானும் உன் அக்கா வசந்தகுமாரியும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. அவள் நலம்.

நீ போனை எடுப்பதில்லை. அதனால் ஓசூரில் உன் மாமியார் வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். கவரை ஒட்டவில்லை, அந்த அம்மா படித்துவிட்டுக் கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் அக்கா. என் கையில் பேனா கொடுத்தால் அது எதிர்வீட்டுச் சுவர் வரை போய் எழுதும். முதலில் உன்னை வேறு பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். தம்பியாயிற்றே, எழுத மாட்டேன் என்றுவிட்டாள்.

உடம்பு விஷயம். நடுக்கவாதத்துக்கு மூளையில் புது செல் வைக்கிறார்கள், மூணே மாசத்தில் மாமா ஓடுவார் என்று நீதானே அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய்? பொய் சொல்லக் கூடாது, கொஞ்ச நாள் நடுக்கம் குறைந்தது, சைக்கிள்கூட ஓட்டினேன். அப்புறம் கழுத்து ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், கை காற்றில் மாவு பிசைகிறது. தூங்கினால்தான் நிற்கிறது. சோறுகூட உன் அக்காதான் ஊட்டுகிறாள். மாத்திரையால் வந்த ஆட்டமென்றால் குறைத்ததும் அடங்கும், இது வைத்த செல் ஆட்டுவது, அதை எடுக்கவும் முடியாது என்று கவர்மெண்ட் டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் பிடித்துத் தருகிறவர்களுக்குப் பங்கு உண்டு என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். உன் புது பைக்கை மாமியார் வீட்டுச் சீர் என்றல்லவா நினைத்திருந்தோம்.

ஆடி ஞாயிறு கதைக்கு வருகிறேன். அம்மன் கோயிலில் கூழ் வாங்க வரிசையில் நின்றேன். பம்பை மேளம் அடித்ததும் என் கை மேலே போனது. எப்போதும் போகிற கைதான். பக்கத்துத் தெரு முத்தம்மாள் சொம்பைப் போட்டுவிட்டு அம்மா வந்துட்டா என்று கத்தினாள். தலையில் மஞ்சத் தண்ணி, கையில் வேப்பிலை, பாதித் தெரு என் காலில். இது சாமியில்லை தாயே, வியாதி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவள் புருஷன் லோகநாதன் பக்கத்தில் உன்னைப் பார்த்தேன். அவருக்கும் என் வியாதிதான். மறுநாள் அவரை அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக இருந்தாய்.

அந்தக் கூட்டத்தில் அது சாமியில்லை என்று தெரிந்த இன்னொருத்தன் நீதான். சொல்லியிருக்கலாமே? சொன்னால் பின்னே என்ன என்று கேட்பார்கள், ஆஸ்பத்திரி கதை வெளியே வரும். அதனால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாய் பார், அந்தக் கூழைவிட அதுதான் வயிற்றுக்குக் குளிர்ச்சி.

"டேய் எத்திராஜு, எம்புள்ள வேம்புலி மண்டையில ஓட்டை போட்டு ஆட வுட்டுகீற. அது பத்தாம இவனையும் இட்டுகினு போறியா?"

அம்மனாகப் பேசிய என் குரல் எனக்கே பயமாக இருந்தது. முத்தம்மாள் புருஷனை இழுத்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடினாள். உன் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, இனி யாரையும் அங்கே அழைத்துப் போக மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். கை கொப்புளம் போட்டிருக்குமே, ஆறிவிட்டதா? அக்கறையாகத்தான் கேட்கிறேன்.

இப்போது செவ்வாய், வெள்ளி என்றால் வாசலில் குறி கேட்க ஆள் நிற்கிறது. மகனுக்கு எப்போது கல்யாணம் என்கிறாள் ஒருத்தி. என் கை எப்போது நிற்கும் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஓசூரிலும் நீ ஆள் பிடிப்பதாகக் கேள்வி. உன் மாமியார் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறதாமே? திருவிழா என்றைக்கு என்று அவரையே எழுதச் சொல். வந்துவிடுகிறேன். மேளத்துக்குக்கூடச் செலவு வேண்டாம், எனக்கு மேளம் தேவைப்படுவதில்லை.

ஆசீர்வாதத்தை மட்டும் தானே எழுதிக்கொள்வதாகச் சொல்கிறாள் உன் அக்கா. நான் விலகிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாமா வேம்புலி

தம்பி, கடைசி வரைக்கும் உன் சோற்றை உன் கையாலேயே அள்ளித் தின்னும்படி அம்மன் உன்னை வைக்கட்டும்.
அக்கா.