மோகன்குமார் பாதியில் வைத்த டோனட்

அன்பு மகள் யுவராணிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் தீபாவும் சுகமாகவும் ஓரளவு மானத்தோடும் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கோட்டை மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் நீ எடுத்ததுமே ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், மாப்பிள்ளை காதில் விழும். அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், நீ மட்டும் தனியாகப் படி. உன் மாமியாரின் அண்ணன் மகன் மோகன்குமாரோடு ஒட்டன்சத்திரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தீபாவைப் பெண் பார்க்க வந்தார்களே, அந்தக் கதை உன் மாமியார் சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நான் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் நீ வீடியோ அனுப்பிச் சொல்லிக்கொடுத்த டோனட்டால் வந்தது. வேறு வேலை இல்லையா உனக்கு? உன் தங்கை அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் பிறந்தநாள் வீடுகளுக்கெல்லாம் சுட்டுக் கொடுக்கிறாள், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்னக் கடை போட வேண்டுமாம். என்ன பெரிய பலகாரம் அது? மைதாவில் வெதுவெதுப்பான பாலையும் ஈஸ்ட்டையும் ஊற்றிக் கை கடுக்கப் பிசைகிறாள், பச்சைப்பிள்ளைக்குப் போர்த்துவது போல் ஈரத்துணி போர்த்தித் தூங்க வைக்கிறாள், அது உப்பியதும் டம்ளரால் வட்டமாக வெட்டி, பாட்டில் மூடியால் நடுவில் ஓட்டை போட்டு மறுபடியும் தூங்க வைக்கிறாள். மாமியார் வீட்டில் மருமகளுக்குக் கூட இத்தனை ஓய்வு கிடையாது. கடைசியில் எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பொடியில் புரட்டி எடுத்தால், கடித்த வாய்க்குள் வெறும் காற்று. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் போதும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். பெண் கையால் செய்தது என்ன என்று கேட்பார்கள் இல்லையா, தனக்குத் தெரிந்ததைத்தான் செய்வேன் என்று நின்றுவிட்டாள்.

அவள் புடவை கட்டப் போன நேரத்தில் முதல் ஈடு வடிதட்டில் இருந்தது. எண்ணெய் குடித்தது போல் பளபளவென்று இருந்ததால், அதிரசத்தை அழுத்துவது போல் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணெயைப் பிழிந்துவிட்டேன். அத்தனையும் அப்பளமாகிவிட்டன. அழுத்தாமல் யார் அதிரசம் எடுக்கிறார்கள், நீயே சொல். தீபா வந்து பார்த்தாள், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிச்ச மாவைப் பொரிக்க உட்கார்ந்துவிட்டாள். கூடத்தில் வந்தவர்கள் காத்திருந்தார்கள். பொறுக்காமல் பையனின் அம்மா சுந்தரம்மாள் அடுப்படிக்கே வந்துவிட்டாள். தட்டைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"ஏனுங்க, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல நடுவுல ஓட்டை போட்ட பலகாரமாங்க?"

எனக்கு வந்ததே கோபம். நான் ஏசலாம், என் மகள் சுட்டதை இவள் யார் ஏச?

"ஏன் மதினி, உங்க ஊருல உளுந்த வடைக்கு ஓட்டைய அடைச்சா சுடுறாக?"

அவள் கூடத்துக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள், தட்டு வந்தபோது தொடவே இல்லை. மோகன்குமார் தொட்டான். ஒன்றைத் தின்றுவிட்டு, கேட்காமலே இன்னொன்றை எடுத்தான், மீசையெல்லாம் சர்க்கரை. ருசியாக இருக்கிறதா என்று உன் அப்பா கேட்டார். அவன் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், கையில் இருந்த பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, பரவாயில்லைங்க என்றான். எம்.பி.ஏ. படித்தவனாம். தின்றது இனிக்கிறது என்று சொல்ல அம்மாவிடம் உத்தரவு வாங்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். கூடவே, கல்யாணத்துக்குப் பிறகு இந்த அடுப்படி வியாபாரம் கூடாது, கௌரவக் குறைச்சல் என்றும் சொன்னார்கள். விடிவதற்கு முன்னால் மண்டியில் நின்று முருங்கைக்காய்க்கு ஏலம் கத்துகிற குடும்பத்துக்கு வியாபாரம் கௌரவக் குறைச்சலாம். அன்று சாயங்காலமே அந்தப் பையன் தீபாவுக்குப் போன் செய்தான். டோனட் ரொம்ப நன்றாக இருந்ததாம், மனசு கேட்கவில்லையாம், ஆனால் பேசியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாமாம். நான் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தீபா நிதானமாகச் சொன்னாள்.

"இதை உங்க அம்மா முன்னாடி சொல்லுங்க. மத்ததப் பெறகு பேசுவோம்."

போனை வைத்துவிட்டான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள், அவன் கூப்பிடவில்லை. வேண்டாம்மா என்றாள். எனக்கு அந்தப் பலகாரத்தின் மேல் இப்போதும் மரியாதை இல்லை, ஆனால் அதைச் சுடுகிறவளை இப்படி ஒரு கோழையிடம் ஒப்படைக்க நான் தயாராக இல்லை. வியாழக்கிழமை நானே சுந்தரம்மாளைக் கூப்பிட்டு, எங்களுக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டேன். நல்ல வசதியான இடத்தைக் கெடுத்துவிட்டேன் என்று உன் அப்பா என்னோடு பேசுவதில்லை, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிறார், பசித்தால் அவரே இழுத்துக்கொள்கிறார். நீ ஒரு வார்த்தை அவரிடம் பேசு. பேரனுக்குக் காதை மூடிக் குல்லா போடு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள்.

உன் மாமியார் கண்டிப்பாகக் கேட்பாள். தீபா வேண்டாம் என்றாள் என்று மட்டும் சொல்லிவிடாதே, பெண் திமிர் பிடித்தவள் என்று பழனி வரைக்கும் பரப்பிவிடுவார்கள். எங்கள் அம்மாவுக்கு வாய் நீளம், அவள்தான் சம்பந்தத்தைக் கெடுத்தாள் என்று தாராளமாகச் சொல். அந்தக் கெட்ட பெயர் எனக்கே இருக்கட்டும், என்னை இனி யாரும் பெண் பார்க்க வரப்போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா செல்லக்கிளி
திண்டுக்கல்