இலை போட்ட கல்லூரி

அம்மா,

நேற்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வந்திருந்தான். மூடியைத் திறந்ததும் அந்த நாற்றம் படியிறங்கி அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. பாசி பிடித்து, வெயிலில் வெந்து, ஆறி, மறுபடியும் வெந்த தண்ணீரின் நாற்றம். கையில் இருந்த காபியைக் குடிக்க முடியாமல் கொட்டிவிட்டேன். "என்னங்கம்மா, இதுக்கே இப்பிடி மூஞ்சியச் சுளிக்கிறீங்க?" என்று அவன் சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும்? அந்த நாற்றம் வந்தாலே எனக்குக் கடத்தூருக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தக் கல்லூரி ஞாபகம் வரும். அதை நடத்தியவனின் பல் ஞாபகம் வரும். பின்னாலேயே நீயும் வந்துவிடுவாய். மற்றவர்களுக்கு அம்மா ஞாபகம் பூ வாசனையிலும் சமையல் வாசனையிலும் வருகிறதாம். எனக்கு வாய்த்தது இதுதான்.

நான் பிளஸ் டூ முடித்த வருடம் அது. எண்பதுகளின் நடுப்பகுதி. மேலே படித்தே தீருவேன் என்று நான் சாப்பிடாமல் அடம்பிடித்ததில் அப்பா பாதி இறங்கி வந்திருந்தார். தருமபுரியில் அரசுக் கல்லூரி இருந்தது. நம் ஊரிலிருந்து அதியமான்கோட்டைக்கு நடந்து பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனால் அங்கே பையன்களும் படித்தார்கள், அதனால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் படிக்காவிட்டால் என்ன ஆவேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பென்னாகரத்தில் அத்தை மகன் சைக்கிள் கடை போட்டுவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் பெரியப்பா அந்தச் செய்தியோடு வந்தார். பெண்களுக்கு மட்டும் ஒரு சின்னக் கலைக் கல்லூரி தொடங்கியிருக்கிறார்களாம். விடுதி உள்ளேயே இருக்கிறதாம். வரலாறும் தமிழும் வணிகவியலும் சொல்லித்தருகிறார்களாம். பெரியப்பா நம் வேதக் கோயில் உபதேசியார், சாமியாருக்கு அடுத்து ஜெபம் சொல்லித்தருகிறவர். பங்குக் குடும்பங்களில் எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தாலும் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வர அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். கல்லூரியைப் பார்க்கவும் அவர் அதே தோரணையில் கிளம்பினார். சலவைத் துண்டு, பையில் வெற்றிலை பாக்கு, அந்தோணியாருக்கு உகந்த செவ்வாய்க்கிழமை. "காலேஜைத்தானுங்க பாக்கப் போறோம், பொண்ணு குடுக்கவா போறோம்?" என்று நீ கேட்டாய். "ரெண்டும் ஒண்ணுதான். நம்ம புள்ளைய இன்னொரு எடத்துல வுடுறோம் இல்ல?" என்றார்.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நம் பக்கத்தில் ஒரு முறை உண்டு. இடம் பிடித்தால்தான் அங்கே சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். அதற்கப்புறம் பேச்சை மாற்றுவது மானக்கேடு. தான் சாப்பிட்ட எந்த வீட்டுச் சம்பந்தமும் தவறியதில்லை என்று பெரியப்பா பீற்றிக்கொள்வார். அந்த வீடுகளுக்குப் போன பெண்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

கல்லூரி என்று சொன்ன கட்டடம் முன்பு வேர்க்கடலைக் கிடங்காக இருந்ததாம். நுழைந்ததும் எண்ணெய்ச் சிக்கு வாசனை அடித்தது. நடுவில் மூங்கில் தட்டியை நிறுத்தி, அந்தப் பக்கம் வரலாறு, இந்தப் பக்கம் வணிகவியல் என்றார்கள். ஒரு கண்ணாடி அலமாரியில் கொஞ்சம் புத்தகங்கள் இருந்தன. "பாக்கலாங்களா?" என்று கேட்டேன். சாவி தாளாளரிடம் இருக்கிறது என்று பதில் வந்தது. அப்பா அலமாரி பக்கமே திரும்பவில்லை. மதில் சுவர் எவ்வளவு உயரம், மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதித்திருந்தது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

தாளாளர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, செண்டு மணக்க வந்தார். உள்ளூர்க்காரர்தான். சிரித்தால் பல் முழுக்கத் தெரிந்தது, சிரிப்பை நிறுத்தவும் இல்லை. பெரியப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இதைக் காலேஜுன்னு நெனைக்காதீங்க, உங்க பொண்ணு வாழப்போற வூடுங்க. நீங்க எனக்குச் சம்பந்தி மாதிரி" என்றார். என்ன பாடம், யார் ஆசிரியர் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்கவும் ஆளில்லை. எனக்கே அப்போது எதுவும் உறைக்கவில்லை, அம்மா. கல்லூரி என்று பலகை தொங்கினால் போதும் என்ற நிலைமையில் இருந்தேன். தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகூட வரலாறு படித்துவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நீ மட்டும் பக்கத்தில் இல்லை. வீடு பார்க்கப் போனால் பெண்கள் பின்பக்கம் போய் அடுப்படியையும் தண்ணீர் மொள்ளும் இடத்தையும் பார்ப்பார்கள் அல்லவா, நீ அதற்குப் போயிருந்தாய். அதற்குள் கூடத்தில் வாழை இலை விரித்துவிட்டார்கள். கேசரி, உளுந்து வடை, புளிச்சோறு, அப்பளம். "கை நனைக்காம போனீங்கன்னா எம் மனசு சங்கடப்படும்" என்று அந்த ஆள் குழைந்தார். பெரியப்பா கேசரியைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அவர் உட்கார்ந்தார், அப்பாவும் உட்கார்ந்தார். நீ பின்வாசல் வழியாக முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "ஏங்க, ஒரு நிமிசம் இருங்க" என்றபோது அப்பாவின் வாய்க்குள் வடை போய்விட்டது.

என் இலையிலும் பரிமாறியிருந்தார்கள். நான் குனிந்தேன், நீ என் கையைப் பிடித்து எழுப்பினாய். "எனக்கும் எம் பொண்ணுக்கும் இன்னிக்கு ஒருசந்திங்க. அந்தோணியாருக்கு நேந்திருக்கோம். பச்சத் தண்ணிகூட பல்லுல படக்கூடாது" என்றாய். காலையில் கருவாட்டுக் குழம்போடு இரண்டு உருண்டை ராகிக் களி சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினோம். அப்பா வாயில் வடையோடு உன்னைப் பார்த்தார். அந்தோணியார் பெயரைச் சொன்ன பிறகு உபதேசியாராலேயே மறுக்க முடியவில்லை. எனக்கோ பசி, அதைவிட உன் மேல் கோபம். கிடைக்கிற ஒரு கல்லூரியையும் கெடுத்துவிட்டாயே என்று பல்லைக் கடித்தேன்.

வெளியே புளியமரத்தடியில் நிற்கும்போது நீ சொன்னாய். பின்பக்கம் மூடியில்லாத ஒரு சிமெண்டுத் தொட்டி. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். தண்ணீர் பச்சையாக இருந்தது, உள்ளே புழு நெளிந்தது, பல்லி ஒன்று செத்து மிதந்தது. நாலடி தள்ளி கக்கூஸ். கதவுக்குப் பதில் சாக்கு. அதன் சாக்கடை தொட்டியின் அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. "அந்தத் தண்ணியில ஒரு புள்ள வாய் கொப்புளிக்குதுடி" என்று சொல்லிவிட்டு நீ மரத்தோரம் போய்த் துப்பினாய். எனக்கு அப்போதும் கோபம் முழுதாகப் போகவில்லை, ஆனால் பசி போய்விட்டது.

பஸ்ஸில் நீ அத்தனையையும் சொன்னாய். பெரியப்பா பல் குத்திக்கொண்டே கேட்டார். "தொட்டின்னா கழுவிக்கலாம். சாப்புட்டாச்சு, இனிமே பேச்சு கெடையாது" என்றார். நீ விடவில்லை. "சாப்புட்டவங்க போயிப் படிங்க. நானும் எம் பொண்ணும் சாப்புடல" என்றாய். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "அங்க இல்லன்னா எங்கியும் இல்ல. சாப்புட்ட எடத்தை வுட்டுட்டு வேற காலேஜுக்கு அனுப்புனா எங்கண்ணன் மூஞ்சியில நான் எப்பிடி முழிக்கிறது? ஆவணியில கல்யாணத்தை வெச்சுரலாம்" என்று முடித்துவிட்டார்.

ஒரு வடை, அம்மா. ஒரு உளுந்து வடையும் நாலு கரண்டி கேசரியும் என் தலையெழுத்தைத் தீர்மானித்துவிட்டன. கொள்கைக்காக, மதத்துக்காக, வறுமைக்காக ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தினார்கள் என்றால்கூட அதில் ஏதோ ஒரு கனம் இருக்கும். இரண்டு பெரிய மனுஷர்கள் நெய் ஒட்டிய விரலை நக்கிவிட்டு வந்ததற்காக நிறுத்தினார்கள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வாரக் கடைசியில், கடத்தூர்ப் பக்கம் ஒரு சாவு வீடு என்று சொல்லிவிட்டு நீ தனியாகக் கிளம்பினாய். கையில் மூடி போட்ட தூக்கு. சாவு வீட்டுக்கு எதற்குத் தூக்கு என்று நான்கூடக் கேட்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து அதை அடுப்படி மூலையில் வைத்து, "யாரும் தொறக்காதீங்க" என்றாய்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து பெரியப்பா நம் வீட்டில்தான் சாப்பிடுவார். கறிக்குழம்பும் களியும் செய்திருந்தாய். இரண்டு பேரும் உட்கார்ந்ததும் தூக்கைத் திறந்து இரண்டு டம்ளரில் ஊற்றி அவர்கள் முன்னால் வைத்தாய். கறிக்குழம்பு வாசனையை அந்த நாற்றம் அப்படியே விழுங்கியது. டம்ளருக்குள் புழுக்கள் தலைகீழாகத் தொங்கித் தொங்கி நெளிந்தன.

"என்னா இது?" என்றார் பெரியப்பா.

"அந்தக் காலேஜுத் தண்ணிதானுங்க. குடிங்க. மூணு வருசம் இவ குடிக்கலாம்னீங்களே, நீங்க ஒரு வாய் குடிக்க மாட்டீங்களா?"

"நாய்கூட மோந்து பாக்காது இதை. எடு மொதல்ல!"

"நாய் மோந்து பாக்காததைத்தான் எம் பொண்ணு குடிக்கட்டும்னு இலையில உக்காந்து ஒத்துக்கிட்டு வந்தீங்க."

"இது அங்க எடுத்ததுதான்னு என்னா நிச்சயம்?"

"எந்திரிங்க. இப்பவே பஸ் ஏறுவோம். உங்க கண்ணால பாருங்க."

பெரியப்பா எழுந்தார். பஸ் ஏறுவதற்கு இல்லை, வீட்டுக்குப் போவதற்கு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களியைத் தொடாமல் போய்விட்டார். அப்பா டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். கொப்பளித்தார், துப்பினார், மறுபடியும் வாளியை இறக்கினார். நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாய்.

அடுத்த வாரம் அப்பா என்னைத் தருமபுரி அரசுக் கல்லூரியில் வரலாற்றில் சேர்த்தார். பையன்கள் இருக்கிற அதே கல்லூரிதான். பஸ் விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், இன்றைக்குப் பென்சன் வாங்குகிறேன். உனக்குக் கிடைத்தது, வாக்கு மாறியவள் என்ற பெயர். பெரியப்பா சாகிறவரை நம் வீட்டில் சாப்பிடவே இல்லை. வருவார், நிற்பார், அப்பாவிடம் பேசுவார், தண்ணீர்கூட வாங்காமல் போவார். "போவட்டும், களி மிச்சம்" என்பாய். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் பங்குக்கும் சேர்த்துத்தான் கிண்டினாய் என்பது எனக்குத் தெரியும்.

இவ்வளவுதான் கதை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். நீ ஜெயித்த கதை என்று என் பிள்ளைகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். நீ படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம், உனக்கு வாய் துடைத்துவிட்டபோது, அதையே சொல்லி உன்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.

"அந்தத் தண்ணிய நான் மொள்ளலடி. தொட்டி ஒசரம், எட்டிப் பாக்கலாம், மொள்ள எட்டல. சித்தேரி மலைப் புள்ள ஒண்ணு துவைச்சிக்கிட்டு இருந்துச்சு, அதுதான் மேல ஏறி மொண்டு குடுத்துச்சு" என்றாய். எதற்கு இந்தத் தண்ணீர் என்று அவள் கேட்டாளாம். "எங்க வூட்டுக்காரர் இங்க சாப்புட்டுட்டாரு, எம் பொண்ணைச் சேத்தா இங்கதான் சேப்பேங்கிறாரு. அவருக்குக் காட்டணும்" என்று நீ சொன்னாயாம். அவள் மொண்டுகொண்டே, "எங்கப்பாவும் சாப்புட்டுட்டாருங்க. இங்க இருக்கிற எல்லா புள்ளைங்க வூட்டு ஆளுங்களும் சாப்புட்டுட்டாங்க" என்றாளாம்.

அத்தனை வருடமும் அந்தச் சாப்பாட்டை நான் உபசாரம் என்றே நினைத்திருக்கிறேன். அந்த ஆள் உள்ளூர்க்காரர், அம்மா. நம் முறை அவருக்குத் தெரியும். பாடம் நடத்தத் தெரியாது, தொட்டி கழுவத் தெரியாது, எப்போது இலை போட வேண்டும் என்று மட்டும் தெரியும். மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் இறங்கி வந்த அப்பாக்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேசரி போட்டிருக்கிறார். அவர்கள் எழுந்து கை கழுவும்போது மகள்கள் விடுதிக்குள் போயிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரை நினைத்துக் குமட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

"அந்தப் புள்ள பேரு என்னம்மா?" என்று கேட்டேன். அவளிடம் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாய். பிறகு, அவள் தூக்கின் மூடியை அழுத்தி மூடி உன் கையில் கொடுத்ததைச் சொன்னாய். கொடுக்கும்போது அவள் சொன்னதையும் அவள் குரலிலேயே சொன்னாய்.

"சிந்தாம எடுத்துட்டுப் போங்கக்கா."

உன் சேலைகளைத் தங்கச்சிகள் பிரித்துக்கொண்டார்கள். ஜெபமாலையைத் தம்பி எடுத்துக்கொண்டான். என் பங்குக்கு வந்தது, பெயர் தெரியாத அந்தப் பெண் சொன்ன இந்த ஒரு வார்த்தைதான், அம்மா.