நனையாத புத்தகம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மருமகளும் அந்தக் குளிரில் சளி கிளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்கு மற்ற வேலை ஓடும். அப்பாவுக்கு மூட்டுவலி பழையபடிதான், மாத்திரையை எடுத்துக் கையில் வைத்தால் ஒழிய வாயில் போடுவதில்லை. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டு, நான் இந்தப் பேச்சை எடுத்ததும் மழை வெயில் என்று மாற்றிவிடுகிறார். நீ வேறு பேப்பரில் வந்த என் படத்தைப் பார்த்துவிட்டு, எங்கம்மா உயிரைக் கொடுத்துப் புத்தகத்தைக் காப்பாத்தினாங்க என்று சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பினதாகச் சொன்னாய். நானும் சரி சரி என்று வைத்துவிட்டேன். உயிரைக் கொடுத்தது நான் இல்லை கண்ணு.

அந்தப் புத்தகத்தை நீ பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து, இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கினாய். சரிவில் விட்ட குண்டு எவ்வளவு வேகம் எடுக்கிறது, எறிந்த கல் எந்த வழியாகக் கீழே வருகிறது என்று ஒரு மனிதர் அளந்து அளந்து எழுதி, நானூறு வருஷத்துக்கு முன்னால் அச்சானது. உலகத்தில் மிச்சமிருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய பிரதிகள்தான். எங்கள் நூலகத்துப் பிரதியில் யாரோ ஓரத்தில் பழுப்பு மையால் கணக்குப் போட்டு, தப்பாகி, அடித்து, மறுபடி போட்டிருக்கிறார். படங்கள் மட்டும் தனித்தாளாக ஒரு உறையில் இருக்கும். இருபத்தாறு வருஷம் அதற்குப் பொறுப்பு நான். மாடி அறையில் ஏசி பழுதென்று பத்து நாளைக்கு அதை நூலகத்தின் அடித்தளத்து இரும்பு அலமாரியில் வைக்கச் சொன்னதும் நான்தான்.

மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது அடித்தளத்தில் தண்ணீர் ஏறுது என்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கீழ்ப்படிகள் நாலைந்து ஏற்கனவே தெரியவில்லை. எங்கள் லைட்டுக்காரர் மெயினை அணைத்துவிட்டு டார்ச்சோடு நின்றார். உனக்கு அவரைத் தெரியாது, நீ போன பிறகு வேலைக்கு வந்தவர், நல்ல உயரம், எந்த பல்பை மாற்றினாலும் அது என்னமோ அவர் பெற்ற பிள்ளை மாதிரி ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஏணியை எடுப்பார். நான் அலமாரிச் சாவியை நீட்டினேன். எனக்கு நெஞ்சு வரைக்கும் வரும், உங்களுக்கு இடுப்புக்குத்தான் வரும் என்றேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கினார். ஐந்து நிமிஷத்தில் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம்கூட நனையவில்லை. இந்தாங்க, உங்க உருட்டுக் கணக்கு என்று சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். படத்தாள் உறை மேல்தட்டில் இருக்குமே என்றேன். போங்கள் என்று சொல்லவில்லை, ஆனால் அதற்கு வேறென்ன அர்த்தம். அவர் தண்ணீரை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், திரும்பி இறங்கிவிட்டார். பின்பக்கத்துச் சுவர் இடிந்தது அப்போதுதான். மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் உள்ளே வந்தது, அலமாரி சாய்ந்து கதவை அடைத்துக்கொண்டது. அவரை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பேப்பர்காரன் படம் எடுத்தது அந்த நேரத்தில்தான். நான் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருப்பதாக எழுதியிருக்கிறான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் நூலக இயக்குநர் கூப்பிட்டு, தடுத்தும் கேளாமல் அவராக இறங்கிட்டார்னு எழுதியாச்சு, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாசம்தானே என்றார். அவராக இறங்கினதாக இருந்தால் வேலையில் இருக்கும்போது செத்ததாக ஆகாதாம், அவர் மனைவிக்கு ஒன்றும் கிடையாதாம். அப்பாவும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு என்றார், அவரைக் குற்றம் சொல்லாதே, பயம். நான் இரண்டு வாரம் சும்மாதான் இருந்தேன், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். விசாரணை அதிகாரி என்னிடம் கேட்டபோதுதான், அனுப்பினது நான், இரண்டாவது தடவையும் நான்தான் என்று சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, யோசிச்சுச் சொல்லுங்கம்மா என்றார். யோசிச்சாச்சு என்றேன். போன திங்களிலிருந்து என்னைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். வழக்கும் வரலாம்.

விசாரணை நடந்த அன்றைக்கே லைட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், எழுதப் படிக்கத் தெரியாது. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. புத்தகம் நனைஞ்சுதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்தத் தாளுங்க என்றாள். போச்சு என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை.

நீ லீவு கேட்டுக்கொண்டு ஓடி வராதே, வந்து செய்ய இங்கே ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளிடம் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்காதே. அப்பாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள். வியாழக்கிழமை காலையில் போன் செய்ய வேண்டாம், வீட்டில் இருக்க மாட்டேன். லைட்டுக்காரர் மனைவி ஆள் விட்டு என்னை வரச் சொல்லியிருக்கிறாள். அலுவலகத்தில் கொடுத்த நஷ்டஈட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டுமாம், அக்கம்பக்கத்தில் படித்தவர்கள் இருந்தும் நான்தான் வர வேண்டும் என்றாளாம். பார்த்தது அவங்கதானே என்றாளாம். அந்தப் படிவம் எனக்குத் தெரியும். இறந்தது எப்படி என்று எழுத அதில் இரண்டு வரி இடம் விட்டிருப்பார்கள்.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல், நல்ல மனிதர்கள் நடுவே நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா